திருட்டு மென்பொருள்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அந்த விமர்சனத்தைப் படித்தேன். ஒரே ஒரு நட்சத்திரம். கீழே இரண்டு வரி: “எடையில் திருடுகிற மென்பொருள். யாரும் வாங்காதீர்கள்.” எழுதியவர் புதுவாயல் பக்கத்தில் பழைய இரும்பு வாங்கி உருக்கும் ஆலை ஒன்றின் மேலாளர்.

நான் எழுதி விற்பது ஒரு சிறு இணைப்பு மென்பொருள். லாரி எடைமேடையில் ஏறியதும் எடையைப் படித்து, ஆலையின் கணக்கு மென்பொருளில் தானே பதிந்துவிடும். சரக்கோடு ஓர் எடை, இறக்கியபின் காலி வண்டிக்கு ஓர் எடை; கழித்தால் சரக்கு. ஒன்பது வருடமாக என் குடும்பம் இதில்தான் நடக்கிறது. இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டார ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். வாங்குவதாக இருந்த இரண்டு ஆலைகள், மதியத்துக்குள் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டன.

பிழை என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். மதியமே பதில் போட்டேன்: “கையேட்டைப் படிக்காதவர்களுக்கு எல்லா மென்பொருளும் திருட்டுதான்.”

பிறகு அந்த ஆலையின் பதிவுகளைப் பார்த்தேன். சில நாட்களில் ஒரு லாரியின் காலி எடை பூஜ்யம் என்று இருந்தது. அதாவது லாரியையே பழைய இரும்பாக வாங்கியதாகக் கணக்கு. வண்டி எண் போடாமல் யாராவது எடை எடுத்தால்தான் இப்படி ஆகும். அப்போது என் மென்பொருள், கடைசியாக உள்ளே வந்த லாரியின் எண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு வசதிக்காக நான் வைத்தது. அங்கே எடை எடுக்கும் எடைமேடைக்காரரிடம் தொலைபேசியில் மூன்று முறை கேட்டேன். எண் இல்லாமல் எடுப்பதே இல்லை என்று மூன்று முறையும் சொன்னார். மூன்றையும் நேரத்தோடு நாட்குறிப்பில் குறித்தேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு நானே போய் எடைமேடை அறையில் உட்கார்ந்தேன். அவர் வெற்று மேடையில் தண்ணீர் தெளித்தார், ஊதுவத்தி காட்டினார், எண் போடாமல் ஒரு சீட்டு அச்சடித்துச் சாமி படத்தின் கீழே செருகினார். முந்தைய சீட்டுகளும் அங்கேயே சந்தனப் பொட்டோடு இருந்தன. சாயங்காலம் வந்த லாரி ஒன்று இரவு இறக்காமல் நின்றால், மறுநாள் இந்தப் பூஜ்யம் அதன் தலையில் விழுந்திருக்கிறது.

“இதத்தான மூணு வாட்டி கேட்டேன்?”

“அது எடை இல்ல சார், சாமி சீட்டு. மேடைல வண்டியே இல்ல, அதுல இன்னா எடை?”

மேலாளரிடம் போனேன். அவர் சிரித்தார். “சாமிக்குப் போட்ட சீட்ட எடுத்துகினு போய் லாரி மேல ஒட்டுனது உங்க சாப்ட்வேர்தான சார்? நாங்களா ஒட்டுனோம்?”

அவர் சொன்னது சரிதான். அதுதான் கோபத்தை இன்னும் ஏற்றியது.

அன்றே அந்த வசதியை நீக்கினேன். பழைய பதிலை அழித்துவிட்டு எழுதினேன்: “எண் இல்லாத சீட்டை வேறொரு லாரியோடு சேர்த்தது என் தவறு. திருத்திவிட்டேன். ஆனால் தவறு திருட்டு ஆகாது. அந்தச் சொல்லை எடுங்கள்.”

மாலையில் மேலாளர் அழைத்தார். “ரெண்டு ஸ்டார் ஆக்கிட்டேன் சார், உடுங்க.”

“ஸ்டார நீங்களே வெச்சிக்குங்க. அந்த வார்த்தைய எடுங்க.”

“ஒரு வார்த்தைக்கு இன்னா சார் இவ்ளோ பேஜாரு?”

சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் சீட்டு அச்சாகவில்லை என்று அழைத்தார்கள். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சரிசெய்தேன். மேலாளர் டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.