செல்வராணி மிஸ் ஏற்றுக்கொண்ட பிழை

செவ்வாய்க்கிழமை முதலாம் பாடவேளை. கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் அதிபர் வகுப்புக்கே வந்து, "சேர், நம்ம செல்வராணி மிஸ் போயிட்டாங்க" என்றார். மீதிக் கணக்கை என்னால் எழுத முடியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானமும் பிறகு இரசாயனவியலும் கற்பித்தவர் அவர். மெதுவாகப் பேசவே தெரியாதவர். ஆய்வுகூடத்தில் வாய் திறந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கேட்கும்.

நான் வந்த புதிதில் இங்கே உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. வெளி மாவட்டம் போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் கொழுந்து பறிக்கப் போனார்கள், அல்லது கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அந்த வருடம் ஏழு பேர் காத்திருந்தார்கள். ஆய்வுகூடம் ஒழுங்காக நடப்பதைப் பார்த்தால்தான் வகுப்புக்கு அனுமதி என்று சொல்லி, இரத்தினபுரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

"நம்மகிட்ட என்னா சேர் இல்ல?" என்று மிஸ் என்னையே அதட்டினார். தோட்ட டிஸ்பென்சரியில் அயோடினும் விற்றமின் சி மாத்திரையும் வாங்கினார். வீட்டுக் கஞ்சியையும் கடையில் வாங்கிய தோடம்பழ ஜூஸ் பக்கட்டையும் கொண்டுவந்தார். கஞ்சி கலந்த ஜூஸில் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விற்றமின் தீர்ந்ததும் கஞ்சி நீலமாகும். மாத்திரைக் கரைசலுக்கு எத்தனை சொட்டு, ஜூஸுக்கு எத்தனை என்று ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும்.

அதிகாரி முன்னால் பிள்ளைகள் எண்ணினார்கள், எண்ணினார்கள், நீலம் வருவதாகவே இல்லை. கடைசியில் பார்த்தால், பக்கட்டில் அச்சடித்திருந்ததைப் போல மூன்று மடங்கு! "ஷா, நல்ல ஜூஸ்" என்று அதிகாரி சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"புள்ளைகளா, நிப்பாட்டுங்க. இது பிழை" என்றார் மிஸ். இன்னொரு குடுவையை எடுத்து, ஜூஸே இல்லாமல் வெறும் தண்ணீரும் கஞ்சியும் ஊற்றி அயோடினை விட்டார். அதிலும் நீலம் வரவில்லை. குடுவையை மோந்து பார்த்தார். "தண்ணியில ஏது விற்றமின்? தேயிலைச் சாயந்தான் அயோடினைத் தின்னுது!"

அன்று காலை தேநீர்க் கெத்தல் ஓட்டையென்று ஆசிரியர்களுக்கு அந்தக் குடுவைகளில் பிளேன்டீ போட்டவன் நான். அவசரத்தில் சரியாகக் கழுவவும் இல்லை.

அதிகாரியின் முகம் மாறியது. யார் செய்த வேலை இது என்று சிங்களத்தில் கேட்டார். என் நியமனம் நிரந்தரமாகாத காலம். "மகே வெரத்த, சேர்" என்று சிங்களத்திலேயே தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் மிஸ். உடனே குடுவைகளைக் கழுவ வைத்து மறுபடி செய்ய வைத்தார். இம்முறை பக்கட் அளவை விடச் சற்றுக் குறைவாக வந்தது. தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ஆய்வுகூடம் என்று அதிகாரி எழுதிப் போனார். வகுப்பு கிடைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடப் பிள்ளைகளும், "மிஸ், டீ கிளாஸிலயா, குடுவையிலயா?" என்று அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உண்மையைச் சொல்லிவிடவா என்று நான் கேட்கும் போதெல்லாம், "சும்மா இருங்க சேர், வகுப்புத்தான் வந்துருச்சே" என்பார். நானும் சும்மாவே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று அந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். குழியருகே ஒருத்தி டீ கதையைச் சொல்ல, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நான் முன்னால் போனேன். "டீ போட்டது மிஸ் இல்ல, புள்ளைகளா. நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன்.

போய் வாருங்கள், மிஸ். இத்தனை காலம் நீங்கள் சுமந்த பிழை இனி என் பெயரிலேயே இருக்கட்டும்.