அன்புக்கரசியின் கோபால்ட்

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தால் ஆய்வகத்துத் தமிழ் போய் ஆற்றங்கரைத் தமிழ் வந்துவிடும். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்தவள். வீட்டை இடித்து ஊருக்கு வெளியே துரத்திய பிறகும், இரண்டு பஸ் மாறி அடையாறுக்கே படிக்க வந்தாள். முனைவர் பட்டம் வாங்காமல் விடுவதில்லை என்று அப்படியொரு பிடிவாதம்.

குப்பையைக் காற்று போதாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த சின்கேஸ் கிடைக்கும். அதைப் பிளாஸ்டிக் தயாரிக்க உதவும் எத்திலீனாக மாற்றுவதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கோபால்ட் துகள்களை வடிவமைத்தாள். சூடான குழாயில் துகளைப் போட்டு வாயுவை விட்டால் எத்திலீன் கொட்டியது. கோபால்ட் இவ்வளவு தராது என்று புத்தகங்கள் சொல்லின; இவள் துகள் தந்தது. வழிகாட்டி பிரபாகருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை தயாரானது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அனுப்புவதற்கு முன், எதற்கும் பார்த்துவிடுவோமென்று, துகளே போடாமல் புதுக் குழாயில் வெறும் மணலை நிரப்பி வாயுவை ஓட்டினாள். அதிலும் எத்திலீன் வந்தது. பாழாய்ப்போன மணலிலிருந்து!

அவளுக்கு உடனே புரிந்தது. கார்பன் மோனாக்சைடு இரும்பு சிலிண்டரில் கிடக்கக் கிடக்க இரும்பை அரித்துத் தன்னோடு கொண்டுவரும். அந்த இரும்புதான் குழாய்க்குள் படிந்து வேலையைச் செய்திருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் கரி வடிகட்டி இருந்தது. வாயு மெதுவாக வருகிறதென்று அதைக் கழற்றிப் போடச் சொன்னவர் சாட்சாத் பிரபாகர். வேண்டாம் சார் என்று அவள் கெஞ்சியதை அன்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வெறும் மணல்ல ஓட்டச் சொல்லி உன்ன யாரும்மா கேட்டா?" என்றார் பிரபாகர். "யார்கிட்டயும் காட்டாத. பட்டத்த வாங்கிட்டுப் போய்ட்டே இரு."

"இன்னா சார் பேசுறீங்க? இரும்பு செஞ்ச வேலைக்கு என் துகளுக்கு மாலையா?"

"அப்ப முதல்லருந்து ஆரம்பி. உதவித்தொகை இந்த வருஷத்தோட முடியுது, ஞாபகம் வெச்சுக்கோ."

மிரட்டும்போதும் அந்த மனிதர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். அவர் எதிரிலேயே ஸ்பேனரை எடுத்து வடிகட்டியை மாட்டினாள். இன்னொரு புதுக் குழாயில் தன் துகளை நிரப்பி வாயுவைத் திறந்தாள். சாயங்காலம் வரை ஓட்டினாள். வாயுவை அளக்கும் கருவியின் திரையில் எத்திலீன் எழவேண்டிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. வந்ததெல்லாம் மீத்தேன்.

"இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் பிரபாகர். "இத அழிச்சுட்டா..."

அன்புக்கரசிக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"என் துகள் சார் அது. செத்துச்சின்னா ஊருக்கு நான்தான் சொல்லணும்."