இரண்டு வாசல் வீடு

எங்கள் மலையில் வீடு என்றால் ஒரு கதவு. அதுவும் குனிந்து நுழைகிற கதவு. உள்ளே போன ஆள் அதே வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஆட்டுக்கும் கோழிக்கும் மாமன் மச்சானுக்கும் ஒரே சட்டம். ஏழு வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது இந்த ஒரு விஷயம்தான். மற்றபடி ஒன்றும் தெரியாது. இப்போதும் பெரிய முன்னேற்றம் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில், புளி உலுக்கி முடிந்த ஒரு மாசி மாதம். அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, மலைக்கு அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணப் புடவை எடுக்கச் சித்தப்பா அவளை வாணியம்பாடிக்குக் கூட்டிப்போனார். கூடவே என்னையும். விடிகாலையில் ஆலங்காயத்துக்கு இறங்கி பஸ் ஏறும்போது சித்தப்பா என் காதைப் பிடித்துச் சொன்னார்:

"அத்தைய வுட்டுக் கண்ண எடுக்காத. அது எங்க போனாலும் பின்னாலயே போ. இன்னா?"

அத்தைக்கு டவுன் என்றால் பயம்போல என்று நினைத்துக்கொண்டேன். பாவம், என்னைப் போன்ற ஒரு வீரன் துணைக்கு வேண்டாமா?

வியாபாரிகளின் பழைய தெருவுக்குள் நுழைந்ததும் வீரனுக்கு வாய் பிளந்துவிட்டது. எண்ணெய், புகையிலை, மிளகாய், பதனிட்ட தோல் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. வண்டி மாடுகள் வந்த காலத்தில் அடித்த இரும்பு வளையங்கள் இன்னும் சுவர்களில் தொங்கின. ஒரே ஆள் மூச்சு விடாமல் தமிழில் தொடங்கி, தெலுங்கில் கோபப்பட்டு, உருதுவில் சமாதானமானார். ஒவ்வொரு கதவும் எங்கள் வீட்டுச் சுவரைவிடப் பெரியது.

"சித்தப்பா, இந்த வூட்ல எத்தினி பேரு இருப்பாங்க?"

"நம்ம ஊரே இருக்கலாம். வாய மூடினு வா, ஈ பூந்துடப்போவுது."

ஜவுளிக்கடையில் அத்தை புடவைகளைப் பார்க்கவே இல்லை. சித்தப்பா எடுத்த சிவப்புப் புடவையின் ஓரத்தைத் தொட்டு, "ம்" என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு ஜோடி செருப்பு மட்டும்தான். பிறந்ததிலிருந்து போட்டதில்லை. நீலவார் செருப்பை மாட்டிக்கொண்டு, புதிதாக லாடம் அடித்த மாடு மாதிரி நடந்தாள்.

லாரியில் முன்னாலேயே அனுப்பியிருந்த எங்கள் புளியை எடை போடச் சித்தப்பா மண்டிக்குப் போனார். மண்டி முதலாளியின் வீட்டுக்குத் தேன் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள் அத்தை. போன வருஷமும் அவள்தான் கொடுத்தாள், வீடு தெரியும். சித்தப்பா என்னைப் பார்த்துத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். நான் படைத்தளபதிபோலத் தலையாட்டினேன்.

அந்த வீட்டு வாசலில் அத்தை செருப்பைக் கழற்றினாள். என் கையில் ஒரு பொரி உருண்டையை வைத்தாள்.

"செருப்பப் பாத்துக்கோ. யாரனா எடுத்துனு போய்டுவாங்க. வந்துடறேன்."

என் தலையைக் கொஞ்ச நேரம் தடவிவிட்டு உள்ளே போனாள். வீட்டுக்கு ஒரு கதவு. கதவில் நான். மடியில் செருப்பு. இதைவிடப் பலமான காவல் வேலூர்க் கோட்டைக்கும் இருந்திருக்காது.

பொரி உருண்டை தீர்ந்தது. என் பாதத்தில் இருந்த வெயில் முழங்காலுக்கு ஏறியது. அத்தை வரவில்லை. செருப்பு இங்கே இருக்கிறது, ஆகவே அத்தை உள்ளே இருக்கிறாள் என்று எனக்கு நானே நாலைந்து முறை நிரூபித்துக்கொண்டேன். பிறகு அந்த இருட்டு நடையைப் பார்த்தேன். தொண்டை மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய வீடு வெறும் தேனை மட்டுமா தின்னும்?

அழுதேன் என்று சொன்னால் அது மரியாதைக்கு. ஊளையிட்டேன். செருப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். டவுசரைப் பிடித்திருந்த ஊக்கு இரண்டாவது அறையிலேயே என்னைக் கைவிட்டது. மூட்டைகள், தூண்கள், முற்றம், மறுபடி மூட்டைகள். முற்றத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்த முதலாளியம்மா முறத்தோடு எழுந்துவிட்டார்.

"யார்ரா நீ? இன்னாத்துக்கு இப்பிடி கத்தற?"

"எங்க அத்தைய உங்க வூடு முழுங்கிடுச்சு!"

"தேன் கொண்டாந்த பொண்ணா? அது அப்பவே பின்வாசல் பக்கமா போச்சேப்பா."

பின்வாசலா! வீட்டுக்கு ஏது பின்பக்கம்? பூமிக்கு இன்னொரு வானம் இருக்கிறது என்றால்கூட நம்பியிருப்பேன்.

ஓடினேன். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிந்தது. அங்கே திறந்த கதவு, வெளிச்சம், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த புளி லாரி. எங்கள் மலைக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பெப்பர்மிண்ட் தருகிற கிளீனர் அண்ணன் முன்கதவைத் திறந்து பிடித்திருந்தார். அத்தையின் ஒரு கால் லாரிப் படியில் இருந்தது, வெறுங்கால்.

நல்லவேளை, அண்ணனும் அத்தையைத் தேடி வந்திருக்கிறார் என்று நிம்மதியானேன்.

"ஏறு, நேரமாவுது" என்றார் அண்ணன், மெதுவாக.

அத்தை என்னைப் பார்த்தாள். மூக்கு ஒழுக, டவுசர் முழங்காலில் கிடக்க, நான் போய்ச் செருப்பை அவள் காலடியில் வைத்தேன்.

"அத்த, செருப்ப மறந்துட்டியே."

லாரி உறுமிக்கொண்டே இருந்தது. அத்தை காலைக் கீழே வைத்தாள். என் டவுசரைத் தூக்கி, தன் ரவிக்கை ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அப்புறம் ஒவ்வொரு காலாகச் செருப்புக்குள் நுழைத்தாள். அண்ணன் ஏறிக் கதவைச் சாத்தினார். அன்றைக்குப் பெப்பர்மிண்ட் தரவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

மண்டியில் சித்தப்பா கேட்டார். "கண்ண எடுக்கலியே?"

"இல்ல சித்தப்பா. வாசல்லயேதான் இருந்தோம்."

ஊளையிட்ட கதை வெளியே வரக்கூடாது என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அத்தை சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை இப்போது மலைக்கு அந்தப் பக்கத்தில், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் வீட்டுக்கும் ஒரே கதவுதான். நான் கீழே டவுனுக்குப் போய் வந்தேன் என்று தெரிந்தால், வேறு எதையும் விசாரிக்க மாட்டாள். "அந்த நீள வூடு இருக்குதாடா?" என்பாள். அந்த வீட்டின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து வெகுகாலம் ஆகிறது. "இருக்குது அத்த, ரெண்டு கதவும் தொறந்துதான் கெடக்குது" என்பேன்.

அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருக்கக் கூடாதாடா?"

"உக்காந்திருந்தா நீ தொலஞ்சு போயிருப்பியே அத்த!"

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் ஆளை இவ்வளவு சிரிக்க வைத்திருக்கிறேன் என்ற பெருமையில், சீட்டின்மேல் ஏறி நின்று, அதையே இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.