எண்பத்தேழு வரியும் ஒன்பது வீடும்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பேக்கரி மாடியில் இருந்த ரியல் எஸ்டேட் ஆபீசில் ரஞ்சனி பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் போட்ட கணக்கில் பிசகு கண்டுபிடித்தவர் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிசகே பண்ணாதவள் என்ற அந்தப் பெயர்தான் கடைசியில் அவள் குடியைக் கெடுத்தது, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பிறந்தது கோத்தகிரிப் பக்கம் மூணாம்பாறை தேயிலை எஸ்டேட்டில். அப்பா செல்லையா இருபது வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வந்த வருஷமே மூன்றாம் லயத்தின் முதல் காம்பராவில் குடியேறியவர், பிறகு அசையவே இல்லை. லயம் என்றால் ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். அந்த அறையைத்தான் சிலோன்காரர்கள் காம்பரா என்பார்கள். அம்மா ஆண்டாயி கொழுந்து பறித்தே மகளைக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். அந்தக் கேடு வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன் படுக்கையில் விழுந்து நாலு மாதம் கிடந்து செத்துப்போனாள். அந்த நாலு மாதமும் ரஞ்சனி ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிந்தது. மற்ற ஆறு நாளும் குளிப்பாட்டினது, கஞ்சி ஊட்டினது, பீ மூத்திரம் அள்ளினது எல்லாம் பக்கத்துக் காம்பரா விஜயா. ஒரு பெண் குழந்தையோடு தனியாக இருக்கிறவள். உடம்புத் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போட்டாலும் விஜயாக்காவுக்குப் பட்ட கடன் தீராது என்று ரஞ்சனி வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

ஆபீஸ் முதலாளி வேலுசாமி கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷர், ஆனால் பொறுமை அரை டம்ளர்கூட இருக்காது. மலை முழுக்க எங்கே நிலம், எங்கே வீடு, யார் கையில் எவ்வளவு, யார் குடியிருக்கிறார்கள் என்று இருபது வருஷமாகச் சேர்த்த விவரம் அவர் கம்ப்யூட்டரில் கிடந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வரி என்று நாலு லட்சம் வரி. ஊட்டியில் மொத்தம் எத்தனை வீடு, கோத்தகிரியில் எத்தனை ஏக்கர் என்று பார்ட்டி யாராவது கேட்டால் போதும், கம்ப்யூட்டர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாய் எண்ணிவிட்டு வரும். அதற்குள் வந்தவர் ரெண்டு டீ குடித்துவிட்டு, போன் பண்ணுகிறேன் என்று எழுந்து போய்விடுவார். வேலுசாமி மேஜையைத் தட்டுவார்.

இதற்கு வழி ரஞ்சனிக்கு அவள் அம்மா கொழுந்து மூட்டையோடு நின்ற எடைக்கூடத்திலிருந்து கிடைத்தது. அங்கே கணக்கப்பிள்ளை சாயங்காலம் எல்லா மூட்டையையும் திரும்பவா நிறுத்துக்கொண்டிருப்பான்? ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் முந்தின மொத்தத்தோடு கூட்டி எழுதிவிடுவான். கடைசி மூட்டை இறங்கும்போது மொத்தம் தயாராய் இருக்கும். அதே மாதிரி ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு மொத்தத்தைத் தனியே எழுதி வைத்தாள். புது வரி வந்தால் அதில் ஒன்று ஏறும், விற்றுப்போனால் ஒன்று இறங்கும். யாராவது கேட்டால் நாலு லட்சத்தைத் தொடவே வேண்டாம், எழுதி வைத்ததை எடுத்துக் காட்டினால் சரி. அரை மணி நேர வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

ஒரே ஒரு தொல்லை பாக்கி இருந்தது. ஒரு பங்களா விலைக்கு வந்தால் நாலு புரோக்கர் நாலு தடவை கொண்டுவந்து கொடுப்பார்கள், ஒரு வீடு நாலு வீடாகிவிடும். அதற்கு ரஞ்சனி ஒரு விதி எழுதினாள். சர்வே எண்ணும் ஒன்று, கதவு எண்ணும் ஒன்று என்றால் அது ஒரே வீடு. முதலில் ஏறின வரியை மட்டும் எண்ணு, மற்றதை ஒதுக்கு. பார்க்கப்போனால் நியாயமான விதிதான். வேலுசாமி அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் கீழே பேக்கரியில் வர்க்கி வாங்கிக் கொடுத்தார். யாரையும் கேட்காமல் அவரே ஒரு பட்டனைத் தட்டி மொத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் அவருக்கு அப்படியொரு குஷி.

இரண்டு வருஷம் கழித்து மூணாம்பாறை எஸ்டேட்டே விலைக்கு வந்தது. ரிசார்ட் கட்டுகிற கம்பெனி ஒன்று கேட்டது, வேலுசாமிதான் நடுவில் நின்றார். லயத்துச் சனம் கிளம்ப மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. பேசிப் பேசிக் கடைசியில், பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரோட்டோரத்தில் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது, அவர்கள் லயத்தைக் காலி செய்வது என்று முடிவானது. பட்டியல் எடுக்க வேலுசாமி அனுப்பியது ரஞ்சனியை. எவனோ வந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். வந்தது நம்ம செல்லையா மகள். ஒன்பது லயம், தொண்ணூறு காம்பரா, அதில் மூன்று காலி. எண்பத்தேழு குடும்பமும் பேரைச் சொல்லி, காலி செய்யச் சம்மதம் என்று எழுதியிருந்த தாளில் படிக்கக்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். விஜயா கையெழுத்துப் போட்டுவிட்டு, புது வீட்டிலும் நம்ம ரெண்டு வீடும் பக்கம் பக்கமாய் வருகிற மாதிரி பார்த்துக்கொள் என்றாள். ரஞ்சனி சரியென்று சொல்லிவிட்டு வந்து, திங்கட்கிழமை எண்பத்தேழு பேரையும் காம்பரா வரிசைப்படி தன் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

இங்கேதான் விஷயம். லயத்துக்குப் பஞ்சாயத்து கொடுத்திருந்தது ஒரே ஒரு கதவு எண். ஒரு கூரைக்கு ஒரு எண், அவ்வளவுதான். பத்துக் குடும்பத்தின் ரேஷன் கார்டிலும் அதே எண். பிறந்ததிலிருந்து அந்த எண்ணைப் பள்ளிக்கூடத்திலும் பேங்கிலும் எழுதி எழுதிப் பழகினவளுக்கு அதில் வினோதமாய் எதுவும் தோன்றவில்லை. வெளியாள் எவனாவது ஏற்றியிருந்தால், இதென்ன பத்து வீட்டுக்கு ஒரே எண் என்று முழித்திருப்பான், யாரையாவது கேட்டிருப்பான். லயத்தில் பிறந்தவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. தான் எழுதின விதி அவள் நினைவுக்கே வரவில்லை. விதி தன் வேலையைப் பார்த்தது. லயத்துக்கு ஒரு குடும்பம், முதலில் ஏறின குடும்பம், முதல் காம்பராக்காரர் மட்டும் தங்க, மற்றவரெல்லாம் ஒதுங்கினார்கள். கையெழுத்துத் தாள்களை எண்ணாமலே கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வேலுசாமி பட்டனைத் தட்டினார். ஒன்பது என்று வந்தது, ஒன்பது பெயரும் வந்தது. அதுவே பத்திரத்தில் ஏறியது. கம்பெனிக்காரர்கள் தொண்ணூறு கதவு கண்ணில் படாத குருடர்களா என்று கேட்காதீர்கள். ஆதாயம் வருகிற இடத்தில் கண் அப்படித்தான் மங்கும்.

ரோட்டோரத்தில் ஒன்பது வீடு எழும்பியது. சனங்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து, முதலில் இது, அடுத்து மற்றது என்று நினைத்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து, தினமும் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் ஆபீஸ் சுவரில் பெயர் ஒட்டினார்கள். விஜயாதான் போன் பண்ணினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ரஞ்சனி, நம்ம லயத்துல ஒங்க அப்பா பேரு மட்டுந்தான் ஒட்டியிருக்கு. கொஞ்சம் என்னான்னு பாரு புள்ள."

ரஞ்சனி பார்த்தாள். ஏற்றின வரிகளை எண்ணச் சொன்னால் எண்பத்தேழு. எழுதி வைத்த மொத்தத்தைக் கேட்டால் ஒன்பது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு வேலுசாமி முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது என்றாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டார், கெஞ்சினார், கடைசியில் கத்தவும் செய்தார். பத்திரம் பதிந்தாயிற்று, அத்தனை பேரும் காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று, இனி ஒரு செங்கல்கூடக் கிடையாது என்று வைத்துவிட்டார்கள்.

"நானென்ன பண்ணட்டுமுங்க அம்மிணி," என்றார் வேலுசாமி. "நீங்க போட்டு வெச்ச மொத்தம்னுதானுங்க நான் நம்பிச் சொன்னது. உங்க கணக்கு என்னைக்குங்க தப்பியிருக்குது?"

மறுநாள் எண்பத்தேழு பேர் பட்டியல், ஒன்பது பேர் பட்டியல் இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனாள். மஸ்டர் ஆபீஸ் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். புரோக்கர் கதை, பங்களா கதை, விதி, கதவு எண் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவள் முடித்த பிறகு, கூட்டத்தின் முன்னால் நின்ற விஜயா கேட்டாள்.

"ஒங்க அப்பா பேர மட்டும் அது ஏன் விட்டு வச்சுச்சு?"

"மொதல்ல ஏத்துன பேரு அதுதாங்க்கா."

"மொதல்ல ஏத்துனது யாரு?"

"நாந்தான்," என்றாள் ரஞ்சனி.

விஜயா வீட்டுக்குப் போய், ரெண்டு வாசலுக்கும் நடுவே கட்டியிருந்த துணிக் கொடியில் தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்துகொண்டிருந்த செல்லையாவின் வேட்டி தரையில் விழுந்தது. அதை எடுத்து உதறி அவர் வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்பனுக்கு வீடு பிடிக்க எழுபத்தெட்டுக் குடும்பத்தை அழித்தவள் என்று பேச்சு கோத்தகிரி பஸ் வரைக்கும் ஏறியது. மற்ற எட்டு லயத்திலும் முதல் காம்பராவுக்குத்தானே வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். சந்தேகம் வராமலிருக்க அதையும் சேர்த்துச் செய்திருக்கிறாள், படித்தவள் இல்லையா என்றார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரில் யார் யாருக்கோ சொல்வார்கள். அவளுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கணக்கில் பிசகாதவள் அல்லவா, அவள் தெரிந்துதான் செய்திருக்க வேண்டும்.

வேலையை விட்டாள். மனு எழுதினாள், எழுதி எழுதி விரல் காய்த்துப்போனது. எங்கே போனாலும் அந்தச் சம்மதக் கையெழுத்தை எடுத்துக் காட்டினார்கள். வீடு இனி வராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அப்போது அவள் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் ஒன்றே ஒன்று. அப்பா நம்பினார். குழாயடியில், டீக்கடையில், யார் என்ன சொன்னாலும் செல்லையா, எம் புள்ள அப்படிச் செய்யாது என்று ஒரே பதில்தான் சொன்னார். அதனால் நாலு பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள், அவர் மாற்றிச் சொல்லவில்லை. உலகமே கள்ளி என்று சொல்லட்டும், பெற்றவர் ஒருத்தர் அப்படி நினைக்காமலிருந்தால் போதும் என்றுதான் ரஞ்சனி அந்த ஐந்து மாதமும் சோறு தின்றாள், தூங்கினாள், எழுந்தாள்.

காலி செய்கிற நாள் வந்தது. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு, மீதிப் பேர் மேட்டுப்பாளையம் பக்கம். லாரிகளில் கட்டிலும் குடமும் ஏறின. விஜயா மகளோடு முதல் லாரியில் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. ரஞ்சனி அப்பாவின் சாமானை ரோட்டோர வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆட்டோ கூட்டி வந்திருந்தாள். செல்லையா தன் டிரங்குப் பெட்டியைத் திருப்பூர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். புது வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"எனக்கு அங்க இருக்க ஏலாது புள்ள. எல்லாச் சனமும் தெருவுல நிக்க, நான் மட்டும் கதவச் சாத்திக்கிட்டு எப்படிப் படுப்பேன்?"

அவள் எவ்வளவோ சொன்னாள். அந்த வயதில் பனியன் கம்பெனி வாசலில் என்ன வேலை கிடைக்கும் என்றாள், என்னோடு குன்னூருக்கு வந்துவிடுங்கள் என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். சுற்றும்முற்றும் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வெசனப்படாத. எனக்காகத்தான் செஞ்சன்னு எனக்குத் தெரியும். ஒங்கம்மா அந்த ஒழுகுற காம்பராவுல கெடந்து செத்தாளே, அப்பனாச்சும் நல்ல கூரைக்குக் கீழ சாகட்டும்னு நெனச்சிருக்க. வெளிய ஒருத்தருட்டயும் நான் ஒத்துக்கிடல. இனியும் ஒத்துக்கிட மாட்டேன்."

ரஞ்சனி இல்லப்பா என்று வாயெடுத்தாள்.

"இல்லன்னு மட்டும் சொல்லிராத," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுவத்தெட்டுக் குடும்பம். ஒரு காரணமும் இல்லாம சும்மா போச்சுன்னா, அத நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. எம் புள்ள எம்மேல வச்ச பாசத்துல கெட்டுச்சுன்னா, அந்தப் பாவத்த நான் சொமந்துக்குவேன். எனக்காகத்தானே?"

ஐந்து மாதமாய் ஊர் முழுக்கச் சொல்லி அலைந்த நிஜம் நாக்கு நுனியில் இருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பாவின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"ஆமாப்பா," என்றாள் ரஞ்சனி. "ஒங்களுக்காகத்தான்."

செல்லையா அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்.