பக்கத்து வீட்டுத் தூக்கம்

எங்கள் பிளாக்கில் இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்றுபோனதைப் பற்றி இந்த வாரம் நான்கு கதைகள் உலவுகின்றன. நான்கிலும் என் மனைவிதான் வில்லி! ஆகவே, நான் கண்ணால் கண்டதையும் உரியவர் வாயிலிருந்தே கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தனகோடி, நிலக்கரி மைன்ஸில் வேலை. அவர் மனைவி அஞ்சலை, காடாம்புலியூர்க்காரி. முந்திரிக் காட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குரல் கொடுத்தே வளர்ந்தவள். இங்கே அவளுக்கு வாய்த்த ஒரே பேச்சுத் துணை, கொல்லை மதிலுக்கு இப்பால் நிற்கும் என் மனைவி சிவகாமி. திருநெல்வேலிக்காரி.

தனகோடிக்கு நைட் ஷிஃப்ட் வந்தது. விடிந்தபின் வந்து படுப்பார். பகலில் உறங்குகிறவருக்காக அக்கம்பக்கம் குரலைத் தணித்துக்கொள்வது இந்தச் சுரங்க ஊரின் நாகரிகம். சிவகாமி அதற்கும் ஒரு படி மேலே போனாள். ரேடியோ வாய் மூடியது. அம்மி ஓய்வு பெற்றது. துவையலின்றி நான் உண்டேன். மதிலருகே அஞ்சலையின் தலை தெரிந்தால், ஓசைப்படாமல் உள்ளே வந்துவிடுவாள். காரணத்தைச் சொன்னாளா? சொன்னால் அதுவும் சத்தமல்லவா!

அஞ்சலை என்ன நினைத்தாள்? தான் கொடுத்த பலாப்பழம் சரியாகப் பழுக்கவில்லை, அக்காவுக்கு அதில் கோபம் என்று. அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஷிஃப்ட் மாறியது, நாங்கள் அறியோம். அந்த வீடு அமைதியாக இருக்கிறது… ஆகவே தனகோடி உறங்குகிறார் — இது சிவகாமியின் தருக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தனகோடி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“வேற பிளாக்குல ஒருத்தரோட குவார்ட்டர்ஸ மாத்திக்கறதா பேசிட்டேன் சார். வூட்டுல அழுதுகினே இருக்குது. இங்க இருக்கமாட்டேங்குது.”

நான் வாய் திறக்குமுன், உதட்டில் விரலை வைத்தபடி சிவகாமி உள்ளிருந்து விரைந்து வந்தாள்.

“மெதுவாப் பேசுங்க! பக்கத்து வீட்டு அண்ணாச்சி தூங்குதாக.”

பிறகுதான் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“நைட் ஷிஃப்ட் முடிஞ்சி ரொம்ப நாளாச்சிங்கம்மா,” என்றார் அவர்.

அடுத்த வாசலில் நின்றிருந்த அஞ்சலை ஓடி வந்தாள். “யக்கா! இவுரு தூங்கறதுக்கா எங்கிட்ட பேசாம இருந்த? நான் பலாப்பழத்த நெனச்சி வெந்துகினு கெடக்கறேன்!”

“பழம் தேனாட்டம் இருந்துச்சுளா. அண்ணாச்சிக்குத் தூக்கம் கெடுமேன்னுதான்…”

“அவுருக்கா? மிஷின் சத்தத்துல நின்னு நின்னு, நீ அம்மில அரைச்சாத்தான் அவுருக்குக் கண்ணே சொருவும். நீ நிறுத்துனதுலேர்ந்து முழிச்சிகினு கெடந்தாரு!”

“அதச் சொல்லக்கூடாதா?”

“நீ எங்க சொல்லவுட்ட? தலயப் பாத்ததும் உள்ள பூந்துக்கற!”

தனகோடி ஆமென்று தலையசைத்தார். அவரைக் காக்க நடந்த இவ்வளவு ஏற்பாட்டிலும், அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொல்லாமற் செய்வதே பெருந்தன்மை என்று நாம் நம்புகிறோம். செய்கிறவருக்கு அது பெருந்தன்மையாகவே இருக்கலாம். மதிலுக்கு அப்பால் நிற்கிறவருக்கோ, சொல்லாத அன்பும் சொல்லாத பகையும் ஒரே முகத்தோடுதான் தெரிகின்றன.

அன்று மாலையே தனகோடி அந்த இன்னொருவரைப் பார்த்து, வீட்டு மாற்றம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். அம்மி மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது. தனகோடி உறங்குகிறார்.

மாற்றம் இல்லை என்றதும் அந்த மனிதரின் முகம் வாடிப்போயிற்றாம். இது தனகோடியே சொன்னது. அந்த பிளாக்கில் அவரோடு பேசாமலிருப்பவர் யார் என்பது எனக்குத் தெரியாது.