வேலைக்குப் போனதும் நின்றுபோகும் ஹீட்டிங்

லண்டனில் ஹீட்டிங் வேலை செய்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய டயலைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டுவதுதான் இப்போது பாதி வேலை. பூட்டுவது சுலபம். அதற்குப் பிறகு வரும் போன் அழைப்புகள்தான் ஆளைத் தின்னும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஹரோ பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிரதீபனுக்கு ஐ.டி.யில் வேலை. அவர் வீட்டில் தெர்மோஸ்டாட் பூட்டியது நான். செட்டிங் எல்லாம் தானே பார்ப்பதாகச் சொல்லி ஆப்பைத் தன் போனில் இறக்கிக்கொண்டார். வீட்டில் மனைவி கௌசியும் பிறந்து சில வாரங்களேயான மகளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கௌசிக்கு அது முதல் குளிர்காலம்.

ஜனவரியில் பிரதீபன் அழைத்தார். "அண்ணை, பொயிலர் இடைக்கிடை நிக்குதாம். ஒருக்கா வந்து பாருங்கோ."

சனிக்கிழமை போனேன். தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பொயிலர், வால்வு, வயரிங் எல்லாம் சரி. அறைகளில் ரேடியேட்டர்கள் நல்ல சூடு.

"அண்ணை, இவர் வேலைக்குப் போனா ஹீட்டிங்கும் போயிடும். இவர் வந்தாத்தான் அதுவும் வரும்" என்றார் கௌசி.

பிரதீபன் சிரித்தார். "ஊர்ச் சூட்டில இருந்து வந்தவ அண்ணை. கொஞ்சம் பழகோணும்."

நானும் சிரித்தேன். பொயிலருக்கு வீட்டுக்காரர் மேல் அவ்வளவு பாசமா என்று பகிடி வேறு விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான். புறப்படும்போது கௌசி வாசலில் மறித்தார்.

"சனிக்கிழமை வராதேங்கோ அண்ணை. இவர் வேலைக்குப் போற நாளில வாங்கோ. பிள்ளையின்ர கை கால் ஐஸாக் கிடக்குது. எனக்குப் பயமா இருக்கு."

திங்கள் காலை போனேன். பிரதீபன் ரயிலுக்குப் புறப்பட்டார். கௌசி தந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் பொயிலர் அடங்கிவிட்டது. ரேடியேட்டரும் மெல்ல ஆறத் தொடங்கியது.

தெர்மோஸ்டாட்டின் திரையைப் பார்த்தேன். வீட்டில் ஆள் இல்லை என்று காட்டியது. அந்த ஆப்பில் ஒரு வசதி உண்டு. பதிந்து வைத்த போன் வீட்டைவிட்டுத் தூரம் போனால், எல்லோரும் வெளியே போய்விட்டார்கள் என்று நினைத்து ஹீட்டிங்கை நிறுத்திவிடும். பதிந்திருந்தது பிரதீபனின் போன் மட்டும்.

விளக்கியதும் கௌசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அப்பிடித்தானே அண்ணை சொல்லுறனான். இவர் இல்லாத நேரம் ஆரும் வந்து கேட்டா, வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டிலில் குழந்தை தொப்பியும் இரண்டு சட்டையுமாகக் கிடந்தது.

பிரதீபனை அழைத்துச் சொன்னேன். "அவவின்ர போனையும் ஆப்பில போட்டுவிடுறன் அண்ணை" என்றார்.

கௌசி என் போனை வாங்கினார். "அடுத்த மாதம் அம்மா வாறா. அவவிட்ட போனே இல்லை. அவவும் பிள்ளையும் நிக்கேக்க நான் கடைக்குப் போனா? எங்களுக்கு அந்த வசதியே வேண்டாமப்பா."

பிரதீபன் ரயிலில் இருந்தபடியே ஆப்பில் அந்த வசதியை நிறுத்தினார். பொயிலர் திரும்பப் பற்றியது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், பகலில் அங்கே இருப்பவர் யாரோ அவரிடம் முதலில் பேசுகிறேன். அவர் சொல்வதை முழுதாகக் கேட்ட பிறகே டூல் பையைத் திறக்கிறேன். கௌசிக்கு நான் மிகவும் கடமைப்பட்டவன். சிரித்த எங்களிடம் மனம் விட்டுப்போகாமல் திரும்பவும் சொன்னாரே. அவர் அலுத்துப்போய்ப் பேசாமல் இருந்திருந்தால், அந்தக் குளிர்காலம் முழுக்க பொயிலரில் பிழையில்லை என்றே நான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.