சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட விசில்

பிளாஸ்டிக் பை சரசரத்தால் இப்போதும் என் கை நின்றுவிடுகிறது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது, பையை நெஞ்சோடு பொத்திக்கொண்டு திருடியைப் போல நடக்கிறேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அண்ணி உப்பளத்திலிருந்து திரும்பியிருக்கமாட்டார்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு புதன்கிழமை காலி செய்துகொண்டு போனார்கள். ஓனர் ஞாயிறு வருவார், கொடுத்துவிடுங்கள் என்று சாவியை என்னிடம் தந்தார்கள். அதை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவைத்தேன். உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் எனக்கு வேலை. அந்த நாலு நாளும் சாயங்காலம் காய்கறியோடு திரும்பி அடுப்படியில் நின்றால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் போல ஒரு சத்தம் வரும். ஏதோ குருவி என்று நினைத்தேன். தலைவலியோடு வந்த ஒரு நாள், "சனியனே, வாய மூடு" என்று சுவரை ஓங்கித் தட்டவும் செய்தேன்.

ஞாயிறு காலை, ஓனர் வருமுன் பெருக்கிவைப்போம் என்று கதவைத் திறந்தால், பின்பக்கம் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக, முயல்குட்டி அளவில் ஒரு கினிப் பன்றி. கூண்டின் அடித்தட்டும் கம்பி வலைதான். அதிலேயே நின்று நின்று பின்னங்கால் பாதம் புண்ணாகி வீங்கியிருந்தது. போட்டிருந்த வைக்கோலைத் தின்று தீர்த்து, செய்தித்தாளையும் பாதி தின்றிருந்தது. போன் செய்தேன். "அதுவாக்கா? யாருக்காச்சும் குடுத்துடுங்க. இங்க வச்சிக்க முடியாது" என்றாள் அந்த வீட்டுப் பெண். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன். அப்போது எனக்கு என்னமோ பெரிய நியாயஸ்தி என்று நினைப்பு.

கூண்டை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அண்ணிக்கு இருபது வருடமாக உப்பு வாரும் கால். பாதத்தில் வெட்டுப்பட்டாலும் உப்புப் பாத்தியிலேயே நின்று ஆற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். "பாத்தித் தண்ணியில ரெண்டு வாட்டி கழுவுனா காஞ்சிடும். எங்க காலெல்லாம் அப்பிடித்தான ஆறிச்சி" என்று கேனில் கொண்டுவந்ததைப் புண்ணின் மேல் ஊற்றினார். கினிப் பன்றியைப் பிடித்துக்கொண்டது நான். அது கத்தவில்லை. உடம்பெல்லாம் விறைத்துப்போய் என்னையே பார்த்தது.

மறுநாள் பாதம் வெந்ததுபோல் தோல் உரிந்துகிடந்தது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் எங்களைத் திட்டவில்லை. "உங்க தோலு வேற, இதோட தோலு வேறம்மா" என்றார். மருந்து போட்டுக் கட்டிவிட்டு, தின்ன ஆரம்பித்தால்தான் பிழைக்கும் என்றார். அன்று அண்ணி தன் வெடித்த பாதங்களை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு வலி தெரியலன்னா அதுக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டேன்டி" என்று சொல்லி அழுதார்.

கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மரப்பெட்டியில் பழைய சேலையை மடித்துப்போட்டுப் படுக்கவைத்தோம். மூன்று நாள் எதையும் தொடவில்லை. அண்ணி அறுகம்புல்லைச் சாறு பிழிந்து சொட்டுச் சொட்டாக விட்டார். அதில் பாதி வழிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் அடுப்படியில் கொத்தமல்லிப் பையை அவிழ்த்தேன். பெட்டிக்குள்ளிருந்து விசில் வந்தது. அன்று வேலைக்குப் போகாமல் இருந்த அண்ணி ஓடிவந்தார். "பை சத்தம் கேட்டு உன்னக் கூப்புடுதுடி. பொழச்சிக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பையைச் சத்தம் வராமல் நெஞ்சோடு பொத்திக்கொண்டேன். அதே விசில். புதன், வியாழன், வெள்ளி, சனி என்று நான் பையை அவிழ்த்தபோதெல்லாம் அது சுவருக்கு அப்பாலிருந்து என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது. சாவி கையெட்டும் தூரத்தில் தொங்கியது.

அது பிழைத்தது. நொண்டிக்கொண்டே இரண்டு வருடம் எங்கள் வீட்டில் ஓடியது. பை சரசரத்தால் தினமும் கூப்பிட்டது, ஒரு நாள்கூட எனக்கு அது சந்தோஷமாகக் கேட்கவில்லை. போன மாசிமாதம் தூக்கத்திலேயே போய்விட்டது. உப்புக்காற்று படாத இடமாகப் பார்த்து அண்ணிதான் புதைத்தார்.

பக்கத்து வீட்டுக்கு இப்போது வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நேற்று பை கை நழுவிச் சரசரத்தது. அப்படியே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கீச்சென்றது. போய்க் கதவைத் தட்டினேன். "மிக்சிதான்க்கா" என்றாள் அந்தப் பெண், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும், நாளைக்கும் தட்டுவேன்.